அம்மாவையும் மாமியையும் பார்த்த எங்களுக்கு லெவல் 2 எதற்கு?

கேள்வி: 14 செப்டம்பர் 2025

லண்டனில் ஹரோ பக்கம் ஒரு கேர் ஹோமில் (பராமரிப்பு இல்லத்தில்) இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வயது 43. இப்போது மானேஜர் பராமரிப்பு வேலைக்கான லெவல் 2 டிப்ளோமா செய்யச் சொல்லி ஒற்றைக் காலில் நிற்கிறார். மாமியார் பாரிசவாதத்தில் கிடந்தபோது கடைசிவரைக்கும் நான்தான் பார்த்தேன். குளிப்பாட்ட, சாப்பாடு தீத்த, மலசலம் எடுக்க எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இது வெறும் கடதாசி என்றுதான் நினைக்கிறேன். செய்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: 14 செப்டம்பர், இரவு

கடதாசிதான். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் உங்கள் கோபம் கொஞ்சம் குறையும். உங்களுக்குப் பராமரிக்கத் தெரியும் என்பதில் மானேஜருக்கும் சந்தேகமில்லை. இருந்திருந்தால் இரண்டு வருடம் வைத்திருக்க மாட்டார். செய்வதை ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று தெரிந்து செய்கிறீர்களா, அதை இன்னொருவருக்குக் காட்ட முடியுமா, இவ்வளவையும்தான் லெவல் 2 பார்க்கிறது.

நான் லெவல் 2 செய்தது கேர் ஹோமில். பிறகு வைத்தியசாலைக்கு மாறி லெவல் 3. சோதனை மண்டபம், மணியடித்தால் பேனையை வை என்ற கதை ஒன்றும் இல்லை. லெவல் 2 டிப்ளோமாவுக்கு மொத்தம் 46 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி), லெவல் 3க்கு 58. கட்டாய அலகுகள் (பாடப் பிரிவுகள்) கொஞ்சம், விருப்ப அலகுகள் கொஞ்சம். அசெஸர் என்று மதிப்பீட்டாளர் ஒருவரை ஒதுக்குவார்கள். அவர் வேலைத்தளத்துக்கு வந்து நீங்கள் செய்வதை நின்று பார்ப்பார், கேள்வி கேட்டு ஒலிப்பதிவு செய்வார், கூட வேலை செய்பவர்களிடம் சாட்சியம் எழுதி வாங்குவார், உங்களையும் எழுத வைப்பார். எல்லாம் இணையத்தில் இருக்கும் போர்ட்ஃபோலியோ என்ற ஆதாரக் கோப்பில் ஏறும்.

எங்கள் ஆட்கள் மடங்கிப் போவது அந்த எழுத்தில்தான். அதை நாளைக்கு எழுதுகிறேன். காலை ஏழு மணி ஷிப்ட்.

15 செப்டம்பர்

சரி, எழுத்து.

எங்களில் அனேகமானோர் எழுதுவது இப்படி இருக்கும்: "அவருக்குக் காலையில் உடல் கழுவப்பட்டது. உடுப்பு மாற்றப்பட்டது. நாங்கள் அவரை நாற்காலியில் இருத்தினோம்." அசெஸர் அப்படியே திருப்பி அனுப்புவார். யார் கழுவியது? நீங்களா, பக்கத்தில் நின்றவளா? அவரிடம் கேட்டீர்களா? அவர் என்ன சொன்னார்? வேலையைச் செய்துவிட்டு "நான் செய்தேன்" என்று சொல்வது எங்கள் வளர்ப்பில் தம்பட்டம். இங்கே அதைச் சொல்லாவிட்டால் ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாவிட்டால் கிரெடிட் இல்லை.

அவர்கள் கேட்பது இந்த மாதிரி: கதவைத் தட்டினேன். பெயரைச் சொன்னேன். இப்போது கழுவலாமா, தேநீர் குடித்த பிறகு செய்யலாமா என்று கேட்டேன். இரண்டு சட்டையைக் காட்டினேன், நீலத்தைத் தொட்டார். கழுவும்போது இடது குதிக்காலில் ஒரு இடம் இறுகியிருந்தது. நேர்ஸிடம் சொன்னேன், சார்ட்டில் எழுதினேன். இவ்வளவுதான். சின்னச் சின்ன வசனங்கள். ஆங்கிலம் கொஞ்சம் சறுக்கினாலும் என்ன நடந்தது என்று விளங்கினால் போதும். பராமரிக்கப்படுபவரின் பெயர், அறை இலக்கம் இரண்டும் எழுதக்கூடாது. "திரு. அ" என்றால் காணும்.

மற்றவரின் எழுத்தைப் பார்த்து எழுதலாமா என்று கேட்டவருக்கு: எங்கள் ஹோமில் ஒருவர் நண்பியின் கோப்பை அப்படியே பிரதியெடுத்து "மூன்று பிள்ளைகளின் தாயாகிய நான்" என்று ஒப்படைத்தார். மனிதருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

17 செப்டம்பர்

"நீங்கள் சொல்வது என்.வி.கியூ.தானே?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். என்.வி.கியூ. என்பது பழைய தொழில்சார் தகைமைச் சான்றிதழ். ஆம், அதன் வழி வந்ததுதான். பழைய என்.வி.கியூ. 2010, 2011 அளவில் போய், பிறகு வந்த முறையும் 2015இல் மாறிவிட்டது. வேலைத்தளத்தில் இன்னும் எல்லோரும் என்.வி.கியூ. என்றே கதைக்கிறார்கள், அசெஸர்மார் உட்பட. விண்ணப்பப் படிவத்தில் மட்டும் சான்றிதழில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள்.

21 செப்டம்பர்

கேட்ட தங்கச்சி மறுபடி எழுதியிருக்கிறார்: "மாமியை நான் பார்த்த மாதிரி இவர்கள் யாரும் பார்க்க மாட்டார்கள். இவர்கள் எனக்குப் படிப்பிக்கப் போகிறார்களாம்." அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன்.

அசெஸர் பார்க்க வந்த நாளில் நான் கழுவி உடுத்த வேண்டியவர் எண்பது தாண்டிய ஒரு தாத்தா. ஸ்ட்ரோக் வந்து வலது கை பெலவீனம். வழமையான காலைக் கழுவல். திரைச்சீலையை இழுத்து மூடுவது, தண்ணீர்ச் சூட்டைப் பார்ப்பது, மேல் உடம்பைக் கழுவும்போது கீழ் உடம்பைத் துவாயால் மூடிவைப்பது, முகத்துக்கு ஒரு துணி, கீழுக்கு வேறு துணி. இதெல்லாம் கை பழகிய வேலை. முகத் துணியை நனைத்துப் பிழிந்து அவருடைய இடது கையில் கொடுத்தேன். தன் முகத்தைத் தானே துடைத்தார், காதுக்குப் பின்னால் விட்டுவிட்டார், நான் கேட்டுவிட்டுத் துடைத்தேன். அப்புறம் சட்டை. பெலமில்லாத கையை முதலில் சட்டைக் கைக்குள் விட வேண்டும், கழற்றும்போது அது கடைசி. அதுவரை சரி. பொத்தான் வந்தது.

ஒற்றைக் கையால் பொத்தான் பூட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரல் ஓட்டையைத் தேடும், கிட்டப் போகும், வழுக்கும். பக்கத்தில் நிற்கிற எனக்குக் கை துறுதுறுவென்று வருகிறது. இரண்டு செக்கனில் பூட்டிவிடலாம். அடுத்த அறையில் மணி அடிக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நான்காவது பொத்தானில் அவரே நிமிர்ந்து பார்த்து, மேல் பொத்தானை நீ பூட்டு என்றார். பூட்டினேன். அசெஸர் பக்கம் பக்கமாக எழுதியது நான் கழுவியதைப் பற்றி அல்ல, அந்த நின்றதைப் பற்றி.

எங்கள் வீடுகளில் பாசம் என்றால் அவர்கள் ஒரு விரலும் அசைக்காமல் எல்லாவற்றையும் நாங்களே செய்து கொடுப்பது. என் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம், இன்றைக்கும் அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஸ்ட்ரோக் வந்தவர் தன்னால் இயன்றதைச் செய்யாவிட்டால் மிச்சம் இருக்கிற பெலனும் போகும். கை வைக்காமல் இருக்கப் பழகுவதுதான் எங்களுக்கு லெவல் 2இல் பாரமான பாடம். வீட்டில் பராமரித்த அனுபவம் இந்த இடத்தில் குறுக்கே நிற்கும் என்று சொன்னால் கோபிக்கக் கூடாது.

22 செப்டம்பர்

டூட்டிங் அண்ணர் கேட்ட பகிடிக் கேள்விக்குப் பதில்: ஆம், தொண்ணூறு வயது மனிதரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அவர் அதைத்தான் விரும்பினால். முதல் நாளே "உங்களை எப்படிக் கூப்பிட?" என்று கேட்பதும் ஒரு அலகுக்கு ஆதாரம். எனக்குக் கன நாளாக வாய் வரவில்லை. ஜோர்ஜ் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு "குட் மோர்னிங்" மட்டும் சொல்லித் தப்பினேன். எங்களிடம் இருந்த ஒரு தமிழ் ஐயாவோ எந்தப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். "மாஸ்டர்" என்றால்தான் திரும்புவார். பராமரிப்புத் திட்டத்தில் அதை எழுதி வைத்தோம். போலந்துப் பிள்ளைகளும் நைஜீரியப் பிள்ளைகளும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள்.

5 ஒக்டோபர்

லூட்டன் தம்பி, "இதெல்லாம் பயிற்சிக் கம்பனிகள் காசு பார்க்கக் கண்டுபிடித்தது" என்கிறார். காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு வருகிறேன். ஆனால் இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பேசலாம்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் வைத்தியசாலை விவகாரம். 2005 முதல் 2009 வரை அங்கே நடந்ததைப் பற்றிய பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 2013 பெப்ரவரியில் வந்தது. சாப்பாடும் தண்ணீரும் கைக்கெட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தன, நனைந்த படுக்கையிலேயே நோயாளிகள் மணிக்கணக்கில் கிடந்தார்கள். டாக்டருக்குப் பதிவு உண்டு, நேர்ஸுக்குப் பதிவு உண்டு, நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிற எங்களுக்கு ஒன்றும் இல்லை என்பதை அந்த அறிக்கை எடுத்துச் சொல்லி, எங்களுக்கும் ஒரு பதிவு முறை வேண்டும் என்றது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு பத்திரிகையாளர் கமிலா கவென்டிஷ் எங்களைப் போன்ற உதவி ஊழியர்களின் பயிற்சியை ஆராய்ந்து இன்னொரு அறிக்கை கொடுத்தார். இடத்துக்கு இடம் பயிற்சி தாறுமாறாக இருக்கிறது, எல்லோருக்கும் பொதுவான ஒரு அடிப்படைச் சான்றிதழ் வேண்டும் என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் 2015 ஏப்ரலில் வந்த கேர் சேர்ட்டிபிக்கேட். அப்போது 15 பிரிவுகள். கற்றல் குறைபாடு, ஓட்டிசம் பற்றிய பிரிவையும் 2025இல் சேர்த்து இப்போது 16.

இங்கிலாந்தில் எங்களுக்கு அந்தப் பதிவு இன்றைக்கும் இல்லை. அதனால் எங்களிடம் காட்ட இருப்பது இந்தக் கடதாசிகள் மட்டும்தான்.

6 ஒக்டோபர்

கேர் சேர்ட்டிபிக்கேட்டும் டிப்ளோமாவும் ஒன்றல்ல. முதலாவது புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் மாதங்களில் செய்விப்பது. வேலையிடம் மாறினால் கையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதுதான் எண்ணம். நடைமுறையில் புது மானேஜர் பழையதை நம்பாமல் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்வார். இதில் எனக்கு எரிச்சல் உண்டு. லெவல் 2 டிப்ளோமாவை யாரும் திரும்பச் செய்யச் சொல்ல மாட்டார்கள், அதற்காகவே அது பெறுமதி.

19 ஒக்டோபர்

இன்றைக்குக் குதிக்காலைப் பற்றி எழுத வேண்டும், 15ஆம் திகதிக் குறிப்பில் ஓடிப் போய்விட்டேன்.

பாடம் சொல்வது இது: படுக்கைப் புண் வருமுன் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காமல் சிவப்பாகவே நிற்கும், அப்படியென்றால் உடனே சொல்லு. பாடத்தில் படமும் அப்படித்தான் இருக்கும், வெள்ளைத் தோலில் ரோஸ் நிற வட்டம். எங்கள் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. கறுப்பு இன அம்மா ஒருவரின் நாரியடியில் நீங்கள் சிவப்பைத் தேடிக்கொண்டு நின்றால் புண் வெடித்த பிறகுதான் காண்பீர்கள். சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட வேண்டும். அந்த இடம் ஊதா கலந்து கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடா குளிரா, கல்லாக இறுகியிருக்கிறதா, பொதுபொதுவென்று இருக்கிறதா, அவருக்கு நோகிறதா. கண்ணால் அல்ல, கையால் பார்க்கிற வேலை இது. நல்ல வெளிச்சமும் வேண்டும், இரவு ஷிப்டில் மங்கல் விளக்கில் முடியாது.

விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவியும் அப்படியே. கறுத்த தோலில் சிலவேளை உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். இலக்கம் நன்றாக இருக்கிறது, ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள், நேர்ஸைக் கூப்பிடுங்கள். என் அசெஸரோடு நடந்த ஒலிப்பதிவு உரையாடலில் இந்த இரண்டையும் சொன்னேன், அவர் பதிவை நிறுத்திவிட்டுத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். எங்கள் தோல் எங்களுக்குத் தெரிந்த அளவு பாடப் புத்தகத்துக்குத் தெரியாது.

2 நவம்பர்

சாப்பாட்டுப் பிரச்சினை. கேட்ட தங்கச்சி "தீத்த எனக்குத் தெரியும்" என்றாரே, அதற்கு.

விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு எந்த அளவு தடிப்பான பானம், எவ்வளவு மசித்த சாப்பாடு என்று பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சையாளர்தான் முடிவு செய்வார். 2019இலிருந்து இங்கே 0 முதல் 7 வரை ஒரே அளவுகோல். பானம் 0 முதல் 4 வரை. சரியான தடிப்பு வந்ததா என்று பார்க்கப் பத்து மில்லி சிரிஞ்சில் நிரப்பி, பத்து செக்கன் ஓட விட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிற முறை ஒன்று உண்டு. நாலுக்கும் எட்டுக்கும் இடையில் மில்லி மிஞ்சினால் அது 2ஆம் நிலை. சமையலறையில் நின்று சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு செக்கன் எண்ணும்போது எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் அளக்காமல் கண்ணளவில் தடிப்பாக்கும் தூளைக் கொட்டுகிற ஆட்கள் கலக்குவதைப் பார்த்த பிறகு சிரிப்பு வராது.

இப்போது எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மகள் வீட்டிலிருந்து டப்பாவில் சோறும் சொதியும் கொண்டுவருவார். குழைத்துத் தீத்தினால் வழுக்கிக்கொண்டு போகும் என்று நினைப்பார். விழுங்கல் பிரச்சினை உள்ளவருக்கு அதுதான் ஆபத்து. சொதி தண்ணீராக முதலில் ஓடும், சோறு வாயில் நிற்கும், ஒரே வாயில் இரண்டு வேகம். மூச்சுக்குழாய்க்குள் போனால் நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா. ரசமும் சோறும், பாலில் ஊறிய சீரியல், துண்டு மிதக்கிற சூப் எல்லாம் இதே வகை. மகளிடம் "கொண்டுவராதீர்கள்" என்று சொன்னால் மனம் நொந்துபோவார். குத்தரிசியைக் குழைய விட்டு, சொதியோடு சேர்த்து மிக்ஸியில் அடித்து, ஒரே பதமாக வருகிறதா என்று சிகிச்சையாளரிடம் கேட்கலாம். எங்கள் வோர்ட்டில் அப்படி ஒரு அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. வைத்தியசாலை மசியலைத் தள்ளிவிட்டவர் அதைச் சாப்பிட்டார்.

3 நவம்பர்

மேலே எழுதியதை வாசித்த ஒருவர் "அப்ப மாமிக்கு நான் தீத்தினது பிழையா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? மாமி எப்படி விழுங்கினார் என்று நான் பார்க்கவில்லை. சாப்பிடும்போது இருமினாரா, குரல் ஈரமாகக் கேட்டதா? இல்லையென்றால் விடுங்கள்.

4 நவம்பர்

வைத்தியசாலைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு. வோர்ட்டில் எங்கள் பெரிய வேலை ஒப்ஸ் எடுப்பது, அதாவது நாடி, மூச்சு, காய்ச்சல் போன்றவற்றை அளந்து எழுதுவது. ஆள் மோசமாகிறாரா என்று முன்கூட்டியே காட்ட நியூஸ் 2 என்று ஒரு புள்ளி முறை, றோயல் கொலிஜ் ஒஃப் பிசிசியன்ஸ் என்ற வைத்தியர் அமைப்பு 2012இல் கொண்டுவந்ததை 2017இல் திருத்தியது. மூச்சு, ஒட்சிசன், வெளி ஒட்சிசன் கொடுக்கிறோமா, மேல் இரத்த அழுத்தம், நாடி, உணர்வு நிலை, காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டி 5 வந்தால் அவசரம், 7 வந்தால் அதைவிடப் பெரிய அவசரம். தனியே ஒன்றுக்கே 3 வந்தாலும் சொல்ல வேண்டும்.

இதில் மெஷின் சொல்லாத ஒன்று மூச்சு. ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். நேரமில்லை. அதனால் சில வோர்ட்டுகளில் வகுப்பில் வரவு கூப்பிடுகிற மாதிரி எல்லோருக்கும் 18, 18, 18. பன்னிரண்டிலிருந்து இருபது வரைக்கும் புள்ளி பூச்சியம், அதனால் 18 யாரையும் தொந்தரவு செய்யாது. 21 ஆனால் 2 புள்ளி, 25 ஆனால் 3. ஆள் மோசமாகப் போகப் போகிறார் என்றால் முதலில் ஏறுவது அனேகமாக இந்த மூச்சுத்தான். எண்ணுகிறேன் என்று சொல்லி எண்ணினால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். நாடி பிடித்திருக்கிற பாவனையில் கையை விடாமல் எண்ணுங்கள். லெவல் 3 பார்வையிடலில் அசெஸர் தானும் பக்கத்தில் நின்று எண்ணுவார், 18 என்று எழுதித் தப்ப முடியாது.

16 நவம்பர்

சம்பளம். எப்போது கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

லெவல் 2 முடித்தால் கேர் ஹோமில் மணிக்குச் சில பென்ஸ் கூடலாம், கூடாமலும் போகலாம். சீனியர் ஆக வேண்டுமென்றால் லெவல் 3 கேட்பார்கள். என்.எச்.எஸ்., அதாவது அரச மருத்துவ சேவையின் கணக்கு வேறு. அங்கே சம்பளம் நீங்கள் படித்ததற்கு அல்ல, வேலை விபரத்துக்கு. கழுவுவது, உணவு, கழிப்பறை மட்டும் என்றால் பாண்ட் 2 (பாண்ட் என்பது சம்பளப் படி). ஒப்ஸ் எடுப்பது, இரத்தம் எடுப்பது, கனூலா (நரம்பில் ஏற்றும் குழாய்) போடுவது என்று மருத்துவ வேலையும் செய்தால் பாண்ட் 3. 2021இல் இந்த வேலை விபரங்களைத் திருத்தியபோது அது தெளிவாக வந்தது. வருடக்கணக்கில் பாண்ட் 3 வேலை செய்து பாண்ட் 2 சம்பளம் வாங்கியவர்களுக்காக யூனிசன் தொழிற்சங்கம் நாடு முழுக்கப் போராடியது, பல இடங்களில் வேலைநிறுத்தமும் நடந்தது, பல டிரஸ்டுகள் (வைத்தியசாலை நிர்வாகங்கள்) பாக்கிச் சம்பளம் கொடுத்தன. ஆகவே நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் போர்ட்ஃபோலியோவில் எழுதி வைத்திருப்பது பிறகு இன்னொரு இடத்திலும் உதவும். சங்கத்தில் சேராமல் இருப்பவர்கள் சேருங்கள்.

பாண்ட் 4 வேண்டுமென்றால் நேர்சிங் அசோசியேட், எங்களுக்கும் நேர்ஸுக்கும் இடைப்பட்ட வேலை. இரண்டு வருட ஃபவுண்டேஷன் டிகிரி (முழுப் பட்டத்துக்கு ஒரு படி கீழ்), இங்கிலாந்தில் மட்டும், 2019 ஜனவரியிலிருந்து நேர்ஸ்மாரின் அதே பதிவேட்டில் தனிப் பிரிவாகப் பெயர் வரும். லெவல் 3 அதற்கு ஒரு படி, தானாகக் கதவு திறக்காது.

30 நவம்பர்

தனிச் செய்தியில் வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில், ஏனென்றால் எல்லாம் ஒரே கேள்வி.

"கொக்குவிலில் தங்கச்சி மகள் கெயார்கிவர் என்.வி.கியூ. முடித்திருக்கிறாள், இங்கே கூப்பிடலாமா?" இலங்கையிலும் என்.வி.கியூ. உண்டு, ஏழு நிலைகள், முறையான படிப்பு. ஆனால் அதுவும் இங்கத்தையதும் வேறு வேறு சட்டகம். அதைவிட முக்கியம், கேர் வேர்க்கர் விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22உடன் நின்றுவிட்டது. அதற்கு முதலே 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிவருவதை நிறுத்தினார்கள். இப்போதும் "லெவல் 2 செய்தால் விசா நிச்சயம்" என்று ஊரில் யாராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒன்று. "சனி ஞாயிறில் லெவல் 2, வேலைத்தளம் தேவையில்லை" என்று விளம்பரம் வருகிறது. என் மச்சாள் ஒருத்தி அப்படி ஒரு இடத்தில் காசு கட்டினாள், அழகான சான்றிதழ் வந்தது, மானேஜர் பார்த்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தார். வேலை செய்வதை ஒருவர் நேரில் பார்க்காமல் டிப்ளோமா இன் கேர் கிடைக்காது. சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவல் அமைப்பின் பதிவேடு இணையத்தில் இலவசம், படிப்பின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அப்ரென்டிஸ்ஷிப் (வேலை செய்துகொண்டே படிக்கும் திட்டம்) வழியாகச் செய்தால் நீங்கள் ஒரு பென்ஸும் கட்டத் தேவையில்லை, படிக்கிற நேரமும் சம்பள நேரத்துக்குள் வரவேண்டும். டிப்ளோமா போலல்லாமல் அதில் கடைசியில் தனி மதிப்பீடு ஒன்று உண்டு.

1 டிசம்பர்

கணக்கும் ஆங்கிலமும் கட்டாயம் என்று பயந்து அப்ரென்டிஸ்ஷிப்பை விட்டவர்கள் கவனிக்க: 19 வயதிலோ அதற்கு மேலோ சேருபவர்களுக்கு அது 2025 பெப்ரவரியிலிருந்து கட்டாயமில்லை, வேலை கொடுப்பவர் முடிவு. ஆங்கில வகுப்பு இலவசமாகக் கிடைத்தால் விடாதீர்கள், அது வேறு கதை.

11 ஜனவரி 2026

கேட்ட தங்கச்சி பதிந்துவிட்டார். நல்லது. முதல் அலகிலேயே சண்டை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்: "ஒரு ஐயா சீனி வருத்தத்தோடு கேக் சாப்பிடுகிறார். தடுக்கக் கூடாதாம். இது என்ன பராமரிப்பு?"

மென்டல் கபாசிட்டி அக்ட், 2005, முடிவெடுக்கும் ஆற்றல் பற்றிய சட்டம். ஐந்து கொள்கைகள், மனப்பாடம் ஆகும்வரை கேட்பார்கள். முதலாவது, ஒருவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு என்றே தொடங்க வேண்டும். இன்னொன்று, முடிவு புத்தியில்லாதது என்பதற்காக ஆற்றல் இல்லை என்று சொல்லக் கூடாது. விளங்கிக்கொண்டுதான் ஐயா கேக் சாப்பிடுகிறார் என்றால் அது அவருடைய கேக். நீங்கள் சொல்லலாம், எழுதி வைக்கலாம், நேர்ஸிடம் தெரிவிக்கலாம். தட்டைப் பறிக்க முடியாது. பொத்தான் பற்றி எழுதினேனே, அதன் அடுத்த வகுப்பு இது.

எங்கள் குடும்பங்களில் இது இன்னும் சிக்கல். மகன் வந்து "அப்பாவுக்குக் கான்சர் என்று சொல்லாதீர்கள்" என்று கையைப் பிடிப்பார். டாக்டர் என்னைப் பார்த்து "நீ தமிழ்தானே, சொல்லிவிடு" என்பார். நான் இரண்டுக்கும் இல்லை என்பேன். நோய் என்னவென்று சொல்லவும் ஒப்புதல் வாங்கவும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும், அது என் வேலை விபரத்தில் இல்லை. தேநீர் வேண்டுமா, எங்கே நோகிறது, மகள் எப்போது வருவா, இதெல்லாம் தமிழில் கதைப்பேன். டிமென்ஷியா (மறதி நோய்) கூடிய சில ஐயாமாருக்கு ஆங்கிலம் முழுக்கப் போய், ஊர்ப் பேச்சு மட்டும் நிற்கும். ஆங்கிலத்தில் கேட்டால் உதைக்கிறவர் தமிழில் "கொஞ்சம் எழும்புவமே ஐயா" என்றால் எழும்புவார். அப்படி ஒரு காலையை லெவல் 3 கோப்பில் எழுதினேன், தொடர்பாடல் அலகு முழுக்க அதிலேயே முடிந்தது.

18 ஜனவரி

மகனிடம் அப்படி முகத்திலடித்த மாதிரிச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. அவரை உட்கார வைத்து, "அப்பா என்னிடம் நேரடியாகக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் சொல்ல வேண்டியவர் டாக்டர்" என்பேன். அழுதவர்களும் உண்டு, மானேஜரிடம் போனவர்களும் உண்டு.

25 ஜனவரி

விருப்ப அலகு எதை எடுக்கலாம் என்று தங்கச்சி கேட்டதற்கு: பெயர் அழகாக இருப்பதை எடுக்காதீர்கள். உங்கள் ஷிப்டில் உண்மையாக நடப்பதை எடுங்கள், அசெஸர் வந்து பார்க்க வேண்டும் அல்லவா. உங்கள் ஹோமில் டிமென்ஷியா ஆட்கள் அதிகம் என்றால் டிமென்ஷியா அலகு. கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) வைத்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில் கத்தீட்டர் அலகை எடுத்துவிட்டு மாதக்கணக்கில் ஆள் வருமா என்று பார்த்திருந்த பிள்ளை ஒருத்தியை எனக்குத் தெரியும்.

நீங்கள் இரவு ஷிப்ட் என்று இன்றைக்குத்தான் சொல்கிறீர்கள். அதை முதல் சந்திப்பிலேயே அசெஸரிடம் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் பகலில்தான் வருவார்கள். ஒன்றில் அவர் விடியற்காலைக் கழுவலுக்கு ஆறு மணிக்கு வர ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மானேஜரிடம் கேட்டு சில பகல் ஷிப்டுகளை இப்போதே ரோட்டாவில் (ஷிப்ட் அட்டவணையில்) போட்டு வையுங்கள். பெப்ரவரி ரோட்டா வந்துவிட்டால் பிறகு மாற்ற மாட்டார்கள்.